கட்டடப் புகைப்படப் போட்டி: நடுவர் மேசையில் உங்கள் படம் படும் பாடு

ஒரு கட்டடப் புகைப்படப் போட்டிக்கு 5,000 படங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 5 விநாடி ஒதுக்கினால்கூட மொத்தம் 25,000 விநாடி. இடையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 7 மணி நேரம். நான் முதன்முதலாக நடுவராக உட்கார்ந்த அன்று இந்தக் கணக்குத்தான் என்னை உலுக்கியது. அதுவரை போட்டியாளனாக மட்டும் இருந்தவன் நான். என் படத்தின் முன்னால் மூன்று பேர் கைகட்டி நின்று, பத்து நிமிடம் ரசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடப்பது வேறு. முதல் சுற்றில் நடுவர் ஒரு படத்தைத் தள்ளிவிடக் காரணம் தேடுகிறார். கடைசிச் சுற்றில் அதே நடுவர் ஒரு படத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கக் காரணம் தேடுகிறார். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடைசிச் சுற்றுக்கு மட்டும் தயாராகி, முதல் சுற்றிலேயே விழுந்துவிடுகிறார்கள். அதனால் உங்கள் படம் எந்த வரிசையில் பயணம் செய்யுமோ அந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எந்த வகைப் போட்டி என்று பாருங்கள்

கட்டடப் புகைப்படம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு குணமுள்ள போட்டிகள் நடக்கின்றன. ஒன்றில் பரிசு வாங்கும் படம் இன்னொன்றில் முதல் சுற்றைக்கூடத் தாண்டாது.

ஆவண வகைப் போட்டிக்கு நல்ல உதாரணம், விக்கிப்பீடியாவுக்காக நினைவுச்சின்னங்களின் படங்களைத் திரட்டும் விக்கி லவ்ஸ் மானுமெண்ட்ஸ். 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பரவி, 1,60,000-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து, உலகின் மிகப் பெரிய புகைப்படப் போட்டி என்று கின்னஸ் பதிவு பெற்றது. ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் அதிகபட்சம் 10 படங்களைத் தேர்ந்து சர்வதேசச் சுற்றுக்கு அனுப்பும். அங்கே தொழில்நுட்பத் தரம், புதுமை இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் பார்ப்பார்கள்: அந்த நினைவுச்சின்னத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு இந்தப் படம் பயன்படுமா? பலர் மறந்துவிடுவது இதைத்தான். ஒரு தூணின் நிழல் தரையில் விழுவதை மட்டும் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தக் கட்டடம் என்றே தெரியவில்லை என்றால் அங்கே சறுக்கும்.

கட்டடக்கலைத் துறை சார்ந்த போட்டிகள் வேறு மாதிரி. ஆர்க்கிடெக்சுரல் போட்டோகிராஃபி அவார்ட்ஸ் என்ற போட்டியில் வெளிப்புறம், உட்புறம், இடத்தின் உணர்வு, புழக்கத்தில் உள்ள கட்டடம் என்று பிரிவுகள் உண்டு. வெளிப்புறப் பிரிவில் ஆளே இல்லாத படம் எடுபடலாம். புழக்கத்தில் உள்ள கட்டடம் என்ற பிரிவில் அதே படத்துக்கு வேலையே இல்லை. பிரிவின் பெயரை மூன்று முறை படியுங்கள். தவறான பிரிவில் போட்ட நல்ல படத்தை நடுவர்கள் மாற்றிப் போட்டுக் காப்பாற்றுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் அவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பொதுப் புகைப்படப் போட்டியில் வரும் கட்டடப் பிரிவு இன்னும் தளர்வானது. கோடுகளும் வடிவங்களுமாகக் கட்டடத்தை உரித்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அங்கே நன்றாக ஓடும்.

அப்புறம் விதிமுறைகள். எவ்வளவு எடிட் செய்யலாம், ட்ரோன் படம் ஏற்பார்களா, எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும் என்பவை எல்லார் கண்ணிலும் படும். உரிமை பற்றிய பத்தியைத்தான் யாரும் படிப்பதில்லை. சில போட்டிகள் வென்ற படங்களை மட்டுமல்லாமல், வந்த எல்லாப் படங்களையும் எதற்கும், எத்தனை காலமும் பயன்படுத்திக்கொள்ள உரிமை கேட்கும். விக்கி போட்டியிலும் படத்தைச் சுதந்திர உரிமத்தில்தான், அதாவது யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதியோடுதான் தர வேண்டும். அங்கே அதை ஒளிக்காமல் சொல்கிறார்கள், படமும் பொதுப் பயனுக்குப் போகிறது. பரிசு என்ற பெயரில் இலவசமாகப் படம் திரட்டும் போட்டிகளுக்கு நான் அனுப்புவதில்லை.

கட்டடத்துக்கே காப்புரிமை இருக்கக்கூடும் என்பதும் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பொது இடத்திலுள்ள கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடும் சுதந்திரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐஃபல் கோபுரம் 1889-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பகல் படத்துக்குத் தடையில்லை. ஆனால் 1985-இல் பியேர் பிடோ வடிவமைத்த இரவு விளக்கமைப்பு தனிப் படைப்பாகக் கருதப்படுவதால், இரவுப் படத்தை வணிக நோக்கில் வெளியிட அனுமதி கேட்க வேண்டும். இரவுப் படம் அனுப்பும் முன் அந்தக் கட்டடத்துக்கு இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தகுதிச் சரிபார்ப்பு

இது நடுவர்கள் வேலையே இல்லை. ஒருங்கிணைப்பாளர்கள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிப்பார்கள். நீளமான பக்கம் எத்தனை பிக்சல், கோப்பின் அளவு, தேதி, பெயர் தெரிகிறதா என்பதோடு முடிந்துவிடும்.

நான் முதலில் அனுப்பிய படம் இங்கேயே போனது. கீழ் மூலையில் அழகாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். நடுவர்களுக்குப் படம் ஓர் எண்ணாக மட்டும்தான் போகும், யார் எடுத்தது என்று தெரியக் கூடாது என்ற விதி மூன்றாவது வரியிலேயே இருந்தது. வாட்டர்மார்க், பார்டர் எதுவும் வேண்டாம். கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது என்று சில போட்டிகள் சொல்லும்.

இன்னும் ஒன்று. படத்தை எஸ்ஆர்ஜிபி (sRGB) வண்ண வெளியில், அதாவது பெரும்பாலான திரைகள் புரிந்துகொள்ளும் நிற அமைப்பில் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த கோப்பைச் சில திரைகளும் மென்பொருள்களும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நிறம் செத்துப்போனது மாதிரி காட்டும். நடுவருக்கு அது உங்கள் ரசனைக் குறைவாகத்தான் தெரியும்.

ஐந்து விநாடிச் சுற்று

இந்தச் சுற்றில் பல போட்டிகளில் பதில் இரண்டுதான்: வைத்துக்கொள், தள்ளு. படங்கள் சிறியதாக, கட்டம் கட்டமாகத் திரையில் வரும். ஆகவே முதல் சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் கட்டடத்தின் உருவம் பளிச்சென்று நிற்கிறதா? நின்றால் சரி. நூறு சாளரங்களும் நாற்பது கம்பிகளும் கலந்து சாம்பல் நிறக் கூழாகத் தெரிந்தால், பெரிதாக்கிப் பார்க்க நடுவருக்கு ஆசை வராது.

இரண்டாவது சோதனை கொஞ்சம் வலிக்கும். அதே கட்டடத்தின் படங்களை இணையத்தில் தேடி, ஒரு இருபதை வரிசையாக வையுங்கள். நடுவில் உங்கள் படத்தை வையுங்கள். ஒரு நண்பரைக் கூப்பிட்டு, எது உங்களுடையது என்று கேளுங்கள். தாஜ் மகாலை நீர்க்கால்வாயின் நேர் எதிரே, நடுக்கோட்டில் நின்று, தண்ணீரில் பிரதிபலிப்போடு எடுப்பது தப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்ற அத்தனை பேரோடும் போட்டியிட ஒப்புக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். நடுவர் அன்று காலையிலிருந்து அதே காட்சியைப் பதினைந்து முறை பார்த்திருக்கலாம். பதினாறாவது படம் வெல்ல வேண்டுமானால், மற்ற பதினைந்தையும்விட எல்லா வகையிலும் சுத்தமாக இருக்க வேண்டும்.

இனி, அதிகப் படங்களைக் காவு வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன்: செங்குத்துக் கோடுகள்.

உயரமான கட்டடத்தின் முன் நின்று கேமராவை மேலே தூக்குகிறீர்கள். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் கட்டடத்தின் முகப்புக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிடுகிறது. உடனே சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் தெரிகிறது. நம் கண்ணும் இதைத்தான் பார்க்கிறது, ஆனால் மூளை திருத்திக்கொள்கிறது. தட்டையான படத்தில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை. கட்டடப் படங்களையே பார்த்துப் பழகிய நடுவருக்கு இது பாட்டில் சுருதி விலகியது மாதிரி உடனே உறுத்தும்.

சரிசெய்ய வழிகள் உண்டு. தள்ளி நின்று எடுங்கள். முடிந்தால் எதிரே உள்ள கட்டடத்தில் ஏறி, நீங்கள் எடுக்கும் கட்டடத்தின் பாதி உயரத்திலிருந்து கேமராவை மட்டமாக வைத்து எடுங்கள். இவற்றைவிட எளிதான வழி கிடையாது. அதற்கு வசதி இல்லையென்றால், வைட் ஆங்கிள் லென்ஸில் கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, கீழே வரும் தேவையற்ற தரையை கிராப் செய்துவிடலாம். பிக்சல் குறையும், கோடுகள் நேராக நிற்கும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் லென்ஸையே மேலே நகர்த்தி இந்த வேலையை முடித்துவிடுவார்கள். 17, 24 மில்லிமீட்டர் டில்ட்-ஷிஃப்ட்கள் இந்தத் துறையின் அன்றாடக் கருவிகள். ஆனால் விலை அதிகம், ஒரு போட்டிக்காக வாங்க வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது மென்பொருள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மேற்பகுதியை இழுத்து அகலமாக்கும்போது இரண்டு பக்க ஓரங்களும் வெட்டுப்படும். எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விடாவிட்டால் கோபுர உச்சியோ சுவரின் ஓரமோ போய்விடும். கூடவே கட்டடத்தின் உயர அகல விகிதமும் மாறிவிடும். இதைத் திருத்த மென்பொருளிலேயே வசதி உண்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை. நடுவர் குழுவில் ஒரு கட்டடக் கலைஞர் இருந்தால், "இந்தக் கட்டடம் இவ்வளவு குள்ளமில்லையே" என்று கண்டிப்பாகக் கேட்பார். அதிகமாகத் திருத்துவதும் தப்பு. மிக உயரமான கட்டடத்தைக் கீழிருந்து எடுத்து, கோடுகளை அளவுகோல் வைத்ததுபோல் நிமிர்த்தினால் தலை பெருத்து முன்னால் விழுவதுபோல் தெரியும். இம்மி அளவு சாய்வை விட்டுவைத்தால் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

எல்லாப் படத்திலும் கோடுகள் நேராக இருக்க வேண்டுமா என்றால், இல்லை. தரையில் படுத்து நேர் மேலே பார்த்து எடுத்த படத்தில் கோடுகள் வானில் போய்ச் சேரும். அது வேண்டுமென்றே செய்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது, யாரும் குறை சொல்வதில்லை. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்வுதான் ஆபத்து. வேண்டுமென்றே செய்ததாகவும் தெரியாது, கவனமாக எடுத்ததாகவும் தெரியாது. சமச்சீர்ப் படத்துக்கும் இதே கதி. நடுக்கோட்டிலிருந்து ஒரு அடி விலகி நின்றாலே இடது தூண் ஒரு அகலம், வலது தூண் வேறு அகலம் என்று ஆகிவிடும். ட்ரைபாடை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வெட்கப்படாதீர்கள்.

தள்ளப்படுவதற்கான மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் எச்.டி.ஆர். அளவு மீறி, கட்டடத்தின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது. வைட் ஆங்கிளில் வானத்தைக் கருநீலமாக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டதால் வானம் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர்நீலமுமாக இருப்பது. உட்புறப் படத்தில் சாளரம் முழுக்க வெளுத்துப்போய் வெள்ளை அட்டைபோல் நிற்பது. சென்சார் தூசியின் புள்ளிகள் வானத்தில் மிதப்பது. கோபுரத்தின் நுனி ஃப்ரேமின் மேல் விளிம்பை உரசுவது. அப்புறம், மாற்றிவைத்த வானம். இது தெரியாது என்று நினைக்கிறார்கள். மேலே அந்திச் சிவப்பு, கீழே கண்ணாடிச் சாளரங்களில் பிரதிபலிப்பது நண்பகல் நீலம். வெயில் ஒரு பக்கமிருந்து வருகிறது, சுவரில் நிழல் வேறு பக்கம் விழுகிறது. இதைக் கண்டுபிடிப்பதில் நடுவர்களுக்கு ஒரு குரூர சந்தோஷமே உண்டு.

மதிப்பெண் சுற்று

இங்கிருந்து படம் பெரிய திரையில் வரும். நடுவர்கள் ஐந்துக்கோ பத்துக்கோ மதிப்பெண் போடுவார்கள். நல்ல குழுவில் ஒரே மாதிரி ஆட்கள் இருக்க மாட்டார்கள். புகைப்படக்காரர் ஒளியையும் ஃப்ரேமையும் பார்ப்பார். கட்டடக் கலைஞர், கட்டடம் தரையை எப்படித் தொடுகிறது, வாசல் எங்கே, பக்கத்துக் கட்டடங்களோடு எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். பாரம்பரியப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர் இருந்தால், செதுக்கலும் சிதைவும் உள்ளது உள்ளபடி தெரிகிறதா என்று பார்ப்பார். ஒருவருக்கு வானம் பிடித்திருக்கும்; இன்னொருவர் அந்த வானத்தால் கூரையின் விளிம்பு தெரியவில்லை என்று எரிச்சல்படுவார்.

இதில் ஒரு கூட்டல் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஐந்து நடுவர்கள், பத்துக்கு மதிப்பெண். ஒரு படத்துக்கு எல்லாரும் 7 போட்டால் மொத்தம் 35. இன்னொரு படத்துக்கு இருவர் 10 போடுகிறார்கள், மற்றவர்கள் 6, 5, 3. மொத்தம் 34. இரண்டு பேரை மயக்கிய படம், யாரையும் தொந்தரவு செய்யாத படத்திடம் ஒரு மதிப்பெண்ணில் தோற்றுவிடுகிறது. கூட்டல் மட்டும் வைத்து முடிவு அறிவிக்கும் போட்டிகளில் பிழையில்லாத, சாதுவான படங்கள் மேலே வருவது இதனால்தான். விவாதச் சுற்று உள்ள போட்டிகளில் நிலைமை மாறும். அங்கே நடுவர்கள் கருத்து வேறுபட்ட படங்களைத் தனியாக எடுத்து மறுபடி பார்ப்பார்கள். எந்த முறை என்பது பெரும்பாலும் விதிமுறையிலேயே எழுதியிருக்கும். துணிச்சலான படம் கையில் இருந்தால் விவாதம் உள்ள போட்டிக்கு அனுப்புங்கள்.

மதிப்பெண்ணை உயர்த்துவதில் ஒளிக்குத்தான் முதலிடம். நேர் முன்னால் அடிக்கும் வெயில் சுவரைத் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் வெயில் ஒவ்வொரு செங்கல்லையும் செதுக்கலையும் தனித்தனியாக எழுப்பிக் காட்டும். எனவே கட்டடத்தின் முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கிழக்கு முகப்புக்கு மாலையில் போய்விட்டு வெளிச்சம் சரியில்லை என்று புலம்புவதில் பயனில்லை. சூரியன் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று காட்டும் செயலிகள் இருக்கின்றன.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரி வரை இறங்கியிருக்கும் நேரத்தில் வானத்தின் நீலமும் கட்டடத்தின் உள்விளக்குகளும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். நீல நேரம் என்று சொல்வது இதைத்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் 1 டிகிரி இறங்க 4 நிமிடம்தான் ஆகும். மொத்தம் உங்களுக்குக் கிடைப்பது 8 நிமிடம். வடக்கே அல்லது தெற்கே போகப் போக இந்த நேரம் நீளும். அந்த 8 நிமிடத்தில் இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அரை மணி நேரம் முன்பே ட்ரைபாடை நிறுத்தி, ஃப்ரேமை முடிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மேகமூட்டமான நாளில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டுமா? ஜெர்மனியின் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் பல ஆண்டுகள் மூடிய வானத்தின் கீழேதான் தேடித் தேடி எடுத்தார்கள். நிழல் விழாமல் வடிவம் மட்டும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1990-இல் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது, அதுவும் சிற்பத்துக்காக. எடுத்தது புகைப்படம், கிடைத்தது சிற்பத்துக்கான விருது. வடிவத்தை அந்த அளவு உணர்த்தியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உட்புறப் படத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. கேமராவைக் கண் உயரத்தில் வைக்காமல் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். தரையும் கூரையும் சமமாக வரும், மேசை நாற்காலிகளின் மேல்பரப்பு மட்டும் பெரிதாகத் தெரியாது. சாளரத்து வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்த அறையில், முடிந்தால் ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள்.

விவாதச் சுற்று

இந்த அறைக்குள் வரும் முப்பது, நாற்பது படங்களில் தொழில்நுட்பப் பிழை கிட்டத்தட்ட இருக்காது. எல்லாம் ஷார்ப், எல்லாம் நேர். இனிமேல் பேச்சு வேறு: இந்தப் படத்தைப் பார்த்ததால் அந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது?

பிரெடெரிக் எவன்ஸ் 1903-இல் இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் ஒரு படிக்கட்டை எடுத்தார். படத்தில் ஓர் ஆள்கூட இல்லை. ஆனால் பல நூற்றாண்டுகள் ஏறி இறங்கிய கால்கள் அந்தக் கற்படிகளை அலைபோலத் தேய்த்திருப்பது தெரிகிறது. அந்த இடத்தில் நடமாடிய மனிதர்களைக் காட்ட ஆளே தேவைப்படவில்லை. தேய்ந்த கைப்பிடி, கதவருகே மட்டும் அழுக்கான சுவர், குறுக்கு வழியில் புல் செத்த ஒற்றையடிப் பாதை, இவையெல்லாம் கட்டடத்தை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும். விவாத அறையில் இப்படிப்பட்ட படங்களுக்கு வாதாட யாராவது ஒருவர் கிடைத்துவிடுவார்.

ஆள் இருக்கும் படத்துக்கு உதாரணம் ஜூலியஸ் ஷுல்மன். 1960-இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு குன்றின் விளிம்பில் பியேர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை இரவில் எடுத்தார். கீழே நகரத்தின் விளக்குகள் பதிவாகப் பல நிமிடம் எக்ஸ்போஷர் (ஃபிலிமில் ஒளி விழ விடும் நேரம்) கொடுத்துவிட்டு, அதே ஃபிலிமில் ஃப்ளாஷ் அடித்து, உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைப் பதிவு செய்தார். அந்த இருவரை எடுத்துவிட்டால் அது ஓர் இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான். அவர்கள் இருப்பதால் அங்கே வாழ்வது எப்படி இருக்கும் என்று தெரிகிறது. படம் எடுக்கும்போது யாராவது ஃப்ரேமுக்குள் வந்தால் உடனே சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் எங்கே நின்றால் கட்டடத்தின் அளவு புரியும் என்று யோசியுங்கள். பெரிய முகப்பின் கீழே சின்னதாக ஓர் உருவம் தெளிவாக நின்றால் போதும். முதுகு காட்டிக்கொண்டு அலைபேசி பார்ப்பவர் எதையும் சொல்ல மாட்டார்.

ஆட்களை நீக்க வேண்டுமென்றால், நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால் நடப்பவர்கள் மறைந்துவிடுவார்கள். இது புகைப்படம் பிறந்தபோதே தெரிந்த விஷயம். புகைப்பட முன்னோடி டகேர் 1838-இல் பாரிஸின் ஒரு பரபரப்பான தெருவைப் படமெடுத்தபோது வண்டிகளும் மனிதர்களும் பதிவாகவே இல்லை. காலணிக்குப் பாலிஷ் போட அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் சிக்கினார். இப்போது எஞ்சியிருக்கும் கேமராப் புகைப்படங்களில் மிகப் பழையதான, இன்னொரு முன்னோடி நியெப்ஸின் 1820-களின் படமும் கட்டடங்களைத்தான் காட்டுகிறது. எக்ஸ்போஷர் நேரம் அவ்வளவு நீண்டதால் கட்டடத்தின் இரண்டு பக்கமும் வெயில் அடித்திருக்கும். இன்றைய போட்டியில் அதை வைத்தால், வெயில் இரண்டு பக்கத்திலும் எப்படி, எடிட் செய்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

நான் இருந்த ஒரு குழுவில் இரண்டு படங்களுக்கு இடையே இருபது நிமிடம் சண்டை நடந்தது. ஒன்று அந்திச் சிவப்பில் ஜொலித்த நூலகத்தின் முகப்பு. மற்றொன்று அதே மாதிரி ஒரு நூலகத்தில், மழை நாளில் கூரையின் நீட்சிக்குக் கீழே ஒதுங்கி நின்ற கூட்டம். முதல் படத்துக்கு மதிப்பெண் அதிகம். "இந்தக் கூரையை ஏன் இவ்வளவு நீட்டினார்கள் என்று இரண்டாவது படத்தைப் பார்த்துத்தான் புரிந்தது" என்றார் குழுவிலிருந்த கட்டடக் கலைஞர். முடிவு அந்த வாக்கியத்தோடு மாறியது.

எதை அனுப்புவது

ஒருவர் நான்கு படங்கள் அனுப்பலாம் என்றால், ஒரே கட்டடத்தின் நான்கு கோணங்களை அனுப்பாதீர்கள். நடுவர்கள் அவற்றில் எது சிறந்தது என்று பேச ஆரம்பிப்பார்கள். ஓட்டு நான்காகப் பிரியும். தொடர் படங்களுக்கான பிரிவில் கதை வேறு. அங்கே கட்டடம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு படமும் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்: தூரத்துப் பார்வை, நுழைவு, உள்ளே, ஒரு நுணுக்கம். தொடரின் தரத்தை அதிலுள்ள பலவீனமான படம்தான் தீர்மானிக்கும். எட்டு வரை அனுப்பலாம் என்று இருந்தாலும், உங்களிடம் நல்லதாக ஐந்து இருந்தால் ஐந்தை அனுப்புங்கள்.

ஏறி இறங்கி, காத்துக் கிடந்து எடுத்த படத்தின் மேல் பாசம் அதிகமாக இருக்கும். அந்தப் பாடெல்லாம் நடுவருக்குத் தெரியாது. ஒரு மாதம் படத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, அந்த இடத்துக்கே போயிராத ஒருவரிடம் காட்டித் தேர்ந்தெடுங்கள்.

குறிப்பு எழுதுவது

கட்டடத்தின் பெயர், இடம், எடுத்த தேதி, தெரிந்தால் வடிவமைத்தவர் பெயர். அதற்கு மேல் இரண்டு வரி போதும். "காலத்தை வென்ற கம்பீரம்" போன்ற தலைப்புகள் நடுவருக்கு எதையும் தருவதில்லை. "கூரையின் நீட்சி மழைநீரை முற்றத்தில் விழாமல் தடுக்கிறது" என்று எழுதினால் அவர் திரும்ப ஒருமுறை படத்தைப் பார்ப்பார்.

இடத்தை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரைப் பற்றிய ஒரு தொடருக்குக் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதில் ஒரு படம் அந்த நகரில் எடுக்கப்படவில்லை, பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டது என்று தெரியவந்ததே காரணம். அது செய்திப்படப் போட்டி. ஆனால் ஆவண வகைக் கட்டடப் போட்டிகளும் இதே கண்டிப்போடுதான் இருக்கும்.

மூலக் கோப்பு

கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டால் பல போட்டிகள் கேமராவிலிருந்து வந்த ரா ஃபைலை, அதாவது எதுவும் திருத்தாத மூலக் கோப்பைக் கேட்கும். அதையும் நீங்கள் அனுப்பிய படத்தையும் அருகருகே வைத்து, என்ன செய்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். மேலே சொன்ன வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் அதே 2015-இல், இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 சதவீதம், எடிட்டிங் விதிகளை மீறியதால் நீக்கப்பட்டன. ஷேடோவைத் தூக்குவது (இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குவது), கோடுகளை நிமிர்த்துவது, நிறத்தைச் சரிசெய்வது ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏற்பார்கள். மின்கம்பியை அழிப்பதை ஆவணப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். கலைப் பிரிவில் ஏற்கலாம். சுவரின் விரிசலை மறைப்பது, இல்லாத செடியை நடுவது, சாளரத்துக்குள் விளக்கை ஏற்றுவது எல்லாம் வம்பு. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரு மூலையை மட்டும் நிரப்பியிருந்தாலும் பல போட்டிகளில் தகுதி போய்விடும். 2023-இல் சோனி வேர்ல்ட் போட்டோகிராஃபி அவார்ட்ஸின் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோகும் நடுவர்கள் குறைவு.

எனவே அனுப்பிய அன்றே ரா ஃபைலைத் தனி ஃபோல்டரில் போட்டு, இன்னொரு டிரைவிலும் ஒரு நகல் வையுங்கள். பல எக்ஸ்போஷர்களை இணைத்த படமென்றால் எல்லா ஃபைல்களும் வேண்டும். அலைபேசியில் எடுத்ததென்றால் எடிட் செய்யாத மூலப் படத்தை அழித்துவிடாதீர்கள். ஃபைலைக் கேட்டு வரும் மின்னஞ்சலுக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் இருக்கும். அது ஸ்பேம் பெட்டியிலும் போய் விழும். முடிவு அறிவிக்கும் தேதிவரை அந்தப் பெட்டியையும் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்.